தகரப் பெட்டியை ஒழிக்கச் சொல்லாதீர்கள்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்கள் இடிபடும்போதெல்லாம் முதியவர்களுக்கு ஓர் அறிவுரை தவறாமல் கிடைக்கிறது: வேண்டாதவற்றைக் கழித்துவிடுங்கள். எதை வைத்துக்கொள்வது? மனத்துக்கு மகிழ்ச்சி தருவதை என்கிறார் மேரி கொண்டோ. பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவுக்கு அந்த அளவுகோல் போதும். தாராவிக்குப் போதாது.

அங்கே கள ஆய்வின்போது, நெல்லைச் சீமையிலிருந்து வந்த ஓர் ஆச்சியின் தகரப் பெட்டியைப் பார்த்தேன். மங்கிய மின்கட்டண ரசீதுகள், கிழிந்த ரேஷன் அட்டை, பழைய வாக்காளர் பட்டியலின் நகல். மருமகளுக்கு அது குப்பை. ஆனால் மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பே இருந்த தரைத்தளக் குடியிருப்புக்குச் சான்று காட்டுவோருக்கே தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். பின்னர் வந்தோருக்கும் மாடியில் வசிப்போருக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். மருமகள் குப்பை என்ற தாள்களை நம்பித்தான் அந்த வீடு.

'ஒழித்தல்' என்னும் சொல் அறையைக் காலிசெய்வதையும் குறிக்கும். இல்லாமல் ஆக்குவதையும் குறிக்கும். (மொழியியல் படித்தவன் இதைச் சொல்லாமல் இருப்பது கடினம்.) நாம் முதற்பொருளில் கேட்கிறோம், முதியவர்கள் காதில் இரண்டாவது விழுகிறது.

பொருள்களைக் குறைக்கவே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. 350 சதுர அடியில் மூன்று தலைமுறை வாழ்ந்தாக வேண்டும். தாள்களை மட்டும் கடைசியில் தொடுங்கள், அதுவும் பெட்டிக்குரியவரை அருகில் வைத்துக்கொண்டு.

"இது கெடக்கட்டும் தம்பி" என்று ஆச்சி பெட்டியைப் பூட்டினார். சாவி முந்தானையில் முடிந்திருந்தது.