கண்டங்கத்திரி: களைக்கொல்லி அடிக்கும் முன்

கோடையில் புல்கூடக் கருகிவிடும் தரிசில், தரையோடு படர்ந்து பச்சை மாறாமல் கிடக்கும் முட்செடியைப் பார்த்திருப்பீர்கள். இலையிலும் தண்டிலும் மஞ்சள் முள், ஊதாப் பூ, பச்சையும் வெள்ளையுமாக வரியோடிய கோலிக்குண்டு அளவுக் காய். பழுத்தால் மஞ்சள். அதுதான் கண்டங்கத்திரி, கத்தரி, சுண்டை, தூதுவளைக்குச் சொந்தம். களை என்றுதான் நம்மில் பலரும் அதை வெட்டி எறிகிறோம்.

சித்த மருத்துவத்தில் இருமலுக்கும் இரைப்புக்கும் தரும் கண்டங்கத்திரி லேகியம் இந்தச் செடியால் ஆனது. ஆயுர்வேதத்தின் தசமூலம் எனும் பத்து வேர்களில் இதன் வேரும் ஒன்று. ஆஸ்துமா நோயாளிகளுக்கு 300 மில்லிகிராம் பொடி கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு ஒன்று 1999-ல் வெளியானது. மூச்சுத்திறன் கூடியது, ஆனால் சால்பியூட்டமால் மாத்திரை அளவுக்கு இல்லை. ஆகவே இதை நம்பி இன்ஹேலரை ஓரம் வைக்க வேண்டாம். காயில் சொலசோடின் வகை வேதிப்பொருட்கள் இருப்பதால், அளவு தெரியாமல் வீட்டில் கஷாயம் போடுவதும் வேண்டாம்.

நம் கவலை வேறு. மருந்துக்குச் சமூலமாக, அதாவது வேரோடு முழுச்செடியாகவே பெரும்பாலும் எடுக்கிறார்கள். காய் பழுத்து விதை சிந்துமுன் பிடுங்கினால் அடுத்த ஆண்டு அந்த இடத்தில் செடி இராது. இன்னொன்று, வரப்பில் களைக்கொல்லி அடித்த நாலாம் நாள் அதே வரப்பில் ஒருவர் மூலிகை பறித்துப் போனால், அது யாரோ ஒரு குழந்தையின் இருமல் மருந்தில்தான் சேரும். அடித்த நிலத்தில் பறிக்க விடாதீர்கள். பறிக்க விடும் இடத்திலும், பழுத்த செடிகளில் நாலில் ஒன்றையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். சாலையோரச் செடி எதற்கும் ஆகாது; அத்தனையும் வண்டிப் புகையும் தூசியும்.

பயிராகவே போடலாமா என்று கேட்பவர்களுக்கு: விதையிலிருந்து நாற்று விட்டு நடலாம், தண்ணீர் அதிகம் கேட்காது. ஆனால் கத்தரி, தக்காளி வயலை ஒட்டிப் போடாதீர்கள். கத்தரி இலையைச் சுரண்டும் புள்ளி வண்டு இதிலும் குடியிருக்கும். வாங்குபவர் வேரைக் கேட்கிறாரா, சமூலத்தையா, காயை மட்டுமா, எந்த ஈரப்பதத்தில் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே நாற்றங்காலில் கை வையுங்கள். முதல் முறைக்குப் பத்து சென்ட் போதும்.