துப்பாக்கி காக்குமா? காவல்துறை காக்குமா?



உங்கள் கடைத்தெருவை நோக்கி ஒரு கும்பல் வருகிறது. காவல் நிலையத்துக்குப் போன் செய்கிறீர்கள். "இதோ வருகிறோம்" என்கிறார்கள். வரவில்லை. மறுபடியும் அழைக்கிறீர்கள். அப்போதும் வரவில்லை. என்ன செய்வீர்கள்?

1992-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கொரிய வியாபாரிகள் இதே கேள்வியின் முன் நின்றார்கள். அவர்களும் சிறுபான்மையினர். குடும்பத்தோடு கடையில் நின்று பிழைத்தவர்கள்.

ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் தடியால் அடித்து நொறுக்கியதை உலகமே வீடியோவில் பார்த்தது. ஆனால், 1992 ஏப்ரல் 29 அன்று, அந்த நான்கு போலீசாரில் ஒருவரைக்கூடக் குற்றவாளி என்று சொல்ல நடுவர் குழு முன்வரவில்லை. அன்று மாலையே நகரம் பற்றி எரிந்தது. கலவரம் வெடித்த இடத்திலிருந்து போலீசார் பின்வாங்கினர். நகரக் காவல்துறைத் தலைவர் டேரில் கேட்ஸ் அந்த நேரத்தில் ஓர் அரசியல் நிதி திரட்டும் கூட்டத்துக்குப் போயிருந்தார்! 50-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கொரியர்களின் கடைகள் மட்டும் 2,000-க்கு மேல் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன.

கைவிடப்பட்ட வியாபாரிகள் துப்பாக்கியோடு கடையின் கூரைமேல் ஏறி நின்றார்கள். சில கடைகள் தப்பின. "பார்த்தீர்களா, துப்பாக்கிதான் காத்தது!" என்று இன்றும் சிலர் அந்தப் படங்களைக் காட்டுகிறார்கள்.

அவர்கள் காட்டாத இரண்டு படங்கள் உண்டு.

ஒன்று: ஏப்ரல் 30 இரவு, கடைகளைக் காக்கப் போன 18 வயதுக் கொரிய இளைஞன் சுடப்பட்டு இறந்தான். அவனைக் கொள்ளைக்காரன் என்று தவறாக எண்ணிச் சுட்டவர்கள் அவனுடைய சமுதாயத்தாரே!

மற்றொன்று: அதற்கு ஓராண்டு முன்பு, 1991 மார்ச்சில், ஒரு பாட்டில் ஆரஞ்சுச் சாற்றைத் திருடுகிறாள் என்று நினைத்து 15 வயதுக் கறுப்பினச் சிறுமியைக் கொரியக் கடைக்காரப் பெண் ஒருவர் சுட்டுக் கொன்றார். சிறுமியின் கையில் காசு இருந்தது! கடைக்காரருக்குச் சிறைத் தண்டனை கிடையாது. நன்னடத்தைக் காவல், 500 டாலர் அபராதம், சமூக சேவை, அவ்வளவுதான். அந்தக் கோபமும் சேர்ந்துதான் அடுத்த ஆண்டு கொரியர் கடைகள் மீது தீயாக விழுந்தது. கடையைக் காக்க வாங்கிய துப்பாக்கியே, தெருவில் உள்ள கடைகளுக்கெல்லாம் பகையைத் தேடித் தந்தது.

அப்படியானால் காவல்துறையை நம்பிச் சும்மா இருந்துவிடலாமா? அதுவும் முடியாது. நீதிமன்றத் தடையாணை இருந்தும் போலீசார் அசட்டையாக இருந்ததால் மூன்று மகள்களைப் பறிகொடுத்த ஒரு தாயின் வழக்கில், தனிநபர் ஒருவர் போலீஸ் பாதுகாப்பை அரசியல் சட்ட உரிமையாகக் கோர முடியாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2008-ல், தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிநபர் உரிமை என்றது. அரசு காக்காவிட்டால் கேட்க முடியாது, வேண்டுமானால் நீயே துப்பாக்கி வாங்கிக்கொள்! குடிமகனுக்கு இதுவா நீதி?

நம் நாட்டுச் சட்டம் வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். ஆனால் தற்காப்பு உரிமை நமக்கும் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ளன. உங்கள் உயிரையும் உடைமையையும், ஏன், பிறருடைய உயிரையும் உடைமையையும் காக்க உங்களுக்கு உரிமை உண்டு.

எல்லையும் உண்டு. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. ஆபத்து நீங்கிய பின் விரட்டிச் சென்று அடித்தால் அது தற்காப்பு அல்ல, பழிவாங்கல். இளைஞர்களே, இந்தக் கோட்டைத் தாண்டினால் கூண்டில் நிற்கப் போவது நீங்கள்தான்!

எரிந்த கடைகளின் நடுவே கொரியர்கள் கற்ற பாடம் என்ன? பலரிடம் இன்சூரன்ஸ் இல்லை. வேறு பலர் மாநில உரிமம் பெறாத கம்பெனிகளில் பணம் கட்டி ஏமாந்திருந்தார்கள். அவர்களுக்காகப் பேச ஆட்சியில் ஆள் இல்லை. மே 2 அன்று ஏறக்குறைய 30,000 பேர் அமைதிப் பேரணி நடத்தினார்கள். ஆங்கிலம் அறிந்த இளந்தலைமுறை தங்கள் தரப்பைத் தொலைக்காட்சியில் சொல்ல முன்வந்தது. அக்கம்பக்கத்தாரோடு உறவு வேண்டும், வாக்குரிமையைப் பயன்படுத்த வேண்டும் என்ற உணர்வு பிறந்தது.

வியாபாரிகளே! உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியில் கலவரச் சேதம் அடங்குமா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பதற்றம் தெரிந்தால் வாய்மொழியாகச் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். நிலையத்தில் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். எதிர்க் கடைக்காரர் எந்தச் சமயத்தவராயினும் அவருடைய நல்லது கெட்டதில் கலந்துகொள்ளுங்கள்.

காவல்துறை நம் வரிப்பணத்தில் நடக்கிறது. அது வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்கும் அமைப்பும் வாக்கும் வழக்கறிஞரும் நமக்கு வேண்டும். ஆயுதத்தைத் தேடும் நேரத்தில் இவற்றைத் தேடுவோம். கும்பல் வந்த பிறகு தேடினால் கிடைக்காது!