முன்பக்கத்து யுஎஸ்பி

கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் புதுச்சேரி தவளக்குப்பம் ஜெராக்ஸ் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. சான்றிதழ்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு பிள்ளைகள் நிற்பார்கள். கடைக்காரர் ஒவ்வொன்றையும் வாங்கி, மேசைக்கடியில் குனிந்து, கணினி கேபினட்டின் பின்பக்கத்தைத் தடவித் தடவிச் செருகுவார். முன்பக்கத்து இரண்டு போர்ட்டும் சும்மா கிடக்கும். கேட்டால், "அது வாங்குனதுலேருந்தே வேலை செய்யல சார்" என்பார்.

வாங்கியதிலிருந்தே என்றால் போர்ட்டைக் குறை சொல்ல முடியாது. அசெம்பிள் செய்தவர் உள்ளே வயரை மாட்டவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நம் ஊர்ப் பக்கத்தில் கடற்காற்றில் போர்ட்டின் தகடு துருப்பிடிப்பதும் உண்டு. ஆனால், அது நன்றாக ஓடிப் பிறகு நின்றுபோன போர்ட்டின் கதை.

மாட்டுவது பெரிய வித்தையல்ல. மதர்போர்டின் ஓரத்தில் யுஎஸ்பி என்று அச்சிட்ட இடத்தில் இரண்டு வரிசையாக ஒன்பது பின் நிற்கும். ஒரு மூலையில் பின் இருக்காது. கனெக்டரில் அடைத்த துளை அங்கேதான் வர வேண்டும். சிவப்பு வயர் அதற்கு எதிர்முனையில் அமையும். பழைய கேபினட்டுகளில் சிவப்பு, வெள்ளை, பச்சை, கருப்பு என்று ஒவ்வொரு வயரும் தனித்தனியாகத் தொங்கும். சிவப்பும் கருப்பும் இடம் மாறினால் செருகிய பென்டிரைவ் சூடேறிப் போய்ச் சேரும். அதைவிட மோசம், சில பழைய போர்டுகளில் பக்கத்திலேயே இருக்கும் ஃபயர்வயர் பின்கள். பார்க்க அச்சாக யுஎஸ்பி போலவே ஒன்பது பின். ஆனால் அதில் 12 வோல்ட் வரும். யுஎஸ்பி தாங்குவது 5 வோல்ட்தான்.

நீலநிற யுஎஸ்பி 3.0 போர்ட் என்றால் 19 பின், தடித்த விறைப்பான வயர். வேகமாக அழுத்தினால் பின் வளையும், பிடித்து இழுத்தால் பிளாஸ்டிக் உறையும் கூடவே வந்துவிடும். பழைய போர்டில் அந்த 19 பின் இடமே இல்லாவிட்டால், 9 பின்னுக்கு மாற்றித் தரும் சிறு அடாப்டர் போதும். வேகம் 480 மெகாபிட்டுக்கு இறங்கும், மதிப்பெண் பட்டியல் அச்சடிக்க அது தாராளம்.

யுஎஸ்பியை உருவாக்கிய இன்டெல் குழுவில் முன்னின்றவர் பரோடாவில் படித்த அஜய் பட். 1996-ல் முதல் தரநிலை வந்தது. யாரும் சட்டென்று செருகிக்கொள்ளலாம் என்பதுதான் நோக்கம். வெளியே அது பலித்தது. உள்ளே நாம் இன்னும் பின் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

நீங்களே திறந்து பார்ப்பதானால் ஷட்டவுன் செய்தால் மட்டும் போதாது. பல போர்டுகளில் அப்போதும் யுஎஸ்பியில் 5 வோல்ட் நிற்கும், பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

புதிதாக வாங்குபவர்கள், காசு கொடுக்குமுன் கடையிலேயே பென்டிரைவை முன்பக்கத்து ஒவ்வொரு போர்ட்டிலும் போட்டுப் பாருங்கள். வேலை செய்யாவிட்டால் அங்கேயே மாட்டித் தரச் சொல்லுங்கள். அசெம்பிள் கூலியில் அதுவும் சேர்த்திதான்.