மல்யுத்த மாணவரும் சர்வகலாசாலை அனுமதியும்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களின் பெற்றோரும் பழைய மாணவரும் உடற்கல்வி ஆசிரியரும் சேர்ந்த எமது சங்கம், பாடசாலையில் மல்யுத்தம் பயின்று தேறிய பிள்ளையொன்று அந்தத் தேர்ச்சியை முன்னிட்டுச் சர்வகலாசாலை அனுமதியும் உபகாரச் சம்பளமும் கோருவது நியாயமா என்று கூட்டங்களிலும் கோயில் வீதிகளிலும் எழுப்பப்பட்டுவரும் வினாவுக்கு, நெடிய ஆலோசனையின் பின்னர், தன் அபிப்பிராயத்தை இதன்மூலம் பகிரங்கப்படுத்துகின்றது. கோருவது நியாயமே என்பது எமது முடிபு. ஆயினும், இன்றுள்ள விதிகளின்படி அக்கோரிக்கையை முன்வைக்கும் வழி தீவகப் பிள்ளைக்குப் பெயரளவில் மாத்திரமே திறந்திருக்கின்றது என்பதையும், அதை மெய்யாகத் திறப்பதற்கு அரசாங்கத்தாரும் பாடசாலைகளும் பெற்றோராகிய நாமும் செய்யவேண்டியன சில உள என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த முடிபினால் எவருக்கும் பயன் இல்லை.

விதியை முதலில் சொல்லுவோம். எம்மவரிற் பலர் அதை முழுமையாக அறியார். க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் சித்தியெய்தியவரே அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இடங்களில் 40 விழுக்காடு அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 விழுக்காடு மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 விழுக்காடு கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் இசட் புள்ளி கொண்டு பங்கிடப்படுகின்றன. இவற்றுக்குப் புறம்பாக, கல்வியல்லாத துறைகளில், விளையாட்டு அவற்றுள் ஒன்றாக, அண்மைக்காலத்தில் தேசிய மட்டத்திலோ சர்வதேச மட்டத்திலோ சிறந்து விளங்கியவர்க்கென ஒரு மிகச் சிறிய பங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேட ஏற்பாடாக ஒதுக்கி வைத்திருக்கின்றது. மல்யுத்த வீரனோ வீராங்கனையோ தன் சான்றிதழ்களோடு தட்டக்கூடிய கதவு இதுதான். பெலிகுல்லோயாவிலுள்ள சபரகமுவப் பல்கலைக்கழகம் போன்றவை நடத்தும் விளையாட்டு விஞ்ஞானப் பட்டநெறியும் உண்டு. உடலை அறிந்த பிள்ளைக்கு அது தக்க துறை.

மாவட்ட ஒதுக்கீடு பின்தங்கிய பிள்ளைக்குக் கைகொடுப்பதற்காக ஏற்பட்டதென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் கண்ணுக்கு யாழ்ப்பாண மாவட்டம் முழுவதும் ஒன்று. யாழ் நகரத்தின் பெயர்பெற்ற கல்லூரியில், மாலையில் ஒரு ரியூசன், இரவில் இன்னொன்று என்று படிக்கின்ற பிள்ளையும், கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனபின் மாதக்கணக்கில் அந்தப் பாடவேளையை வெறுமையாகக் கழித்த நெடுந்தீவுப் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்கே முகங்கொடுக்கின்றனர். மாவட்டங்களுக்கிடையே வேற்றுமை உண்டென்று ஒப்புக்கொண்ட அரசாங்கம், மாவட்டத்துக்குள்ளே கடலொன்று கிடப்பதைக் கவனிக்கவில்லை. 1990 ஆம் ஆண்டுக்குப் பின் இடம்பெயர்ந்து, சிதறி, மீண்டும் குடியேறிய ஊர்கள் இவை. பாடசாலைக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. உயர்தர விஞ்ஞானப் பிரிவு பல இடங்களில் இன்னும் எழும்பவில்லை. ஆகையால், படிக்க விரும்பும் பிள்ளை பதினாறு வயதில் நகரத்து விடுதிக்குப் போய்விடுகிறது. போகமுடியாத பிள்ளை கிடைத்த பிரிவைப் படிக்கிறது.

விசேட ஏற்பாட்டிலும் இதே கடல் குறுக்கே கிடக்கிறது. தேசிய மட்டத்திற் சிறந்து விளங்குதல் என்பது ஒரு நாளில் நேர்வதன்று. கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை என்று படிப்படியாக ஏறவேண்டிய ஏணி அது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பிரயாணம் உண்டு. சர்வதேச விதிப்படி மல்யுத்தத்தில் போட்டியன்று காலையிலேயே நிறை பார்ப்பார்கள். எமது வலயத்துப் போட்டிகளிலும் காலை வேளையிலேயே தராசில் நிற்கவேண்டியிருக்கிறது. நெடுந்தீவுப் பிள்ளை விடியற்படகில் ஏறி, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலிற் கழித்து, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, பண்ணைப் பாலம் கடந்து யாழ் நகருக்கு வந்து சேரும்போது தராசை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். எனவே முதல்நாளே வரவேண்டும். எவரேனும் உறவினர் வீட்டில் தங்கவேண்டும். கூட வரும் ஆசிரியர் தம் கைக்காசைச் செலவிடவேண்டும். சோழகக் காற்று எழும்பிவிட்டால் முதல்நாளும் நிச்சயமில்லை. போட்டிக்கு வராத பிள்ளை என்று பதிவேட்டில் எழுதப்படுவதற்கும், கடல் விடாத பிள்ளை என்று எழுதப்படுவதற்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை எந்தப் படிவத்திலும் குறிக்க இடமில்லை.

பயிற்சியின் நிலையையும் உள்ளபடி சொல்லவேண்டும். மல்யுத்த மெத்தை பக்கத்துக்கு 12 மீற்றர் அளவான சதுரம். அதன் நடுவே 9 மீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள்ளேயே, மும்மூன்று நிமிடங்களாக இரு சுற்றுக்கள் பொரவேண்டும். எமது அங்கத்தவரின் பிள்ளைகள் பழகுவது மணலில். மணலிற் பழகியவருக்குக் கால் புதையும். மெத்தையிற் கால் வழுக்கும். மணலில் எதிராளியின் காலைப் பற்றித் தூக்கி வீழ்த்தும்போது விழுபவருக்கு அடிபடுமென்று அஞ்சிப் பிடியைப் பாதியில் விட்டுவிடப் பழகிய கை, மெத்தையிலும் பாதியிலேயே விட்டுவிடுகிறது. மாகாணப் போட்டியில் எம்மவர் தோற்கும் தோல்விகளில் அநேகம் இந்தப் பாதிப் பிடியால் வந்தவை என்று எமது ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கரைவலை இழுத்த தோளுக்கு மல்யுத்தம் தானாக வருமென்று மேடைகளிற் பேசுவோர் உளர். அன்பினாற் பேசுகிறார்கள் என்பதை அறிவோம். ஆயினும் அப்பேச்சு எமது பிள்ளைக்குக் கேடு செய்கிறது, ஏனெனில் பயிற்றுநரும் மெத்தையும் வேண்டுமென்ற கோரிக்கையை அது அனாவசியமாக்கிவிடுகிறது.

இனி, எதிர்வாதத்துக்கு வருவோம். பரீட்சையிற் கூடிய புள்ளி பெற்ற பிள்ளையின் இடத்தை மல்யுத்தம் செய்த பிள்ளை பறிக்கலாமா என்று கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியை எழுப்புவோரின் மனப்புண்ணை நாம் மதிக்கிறோம்; 1970களின் தரப்படுத்தலால் தம் பிள்ளைகளின் உழைப்பு வீணானதைக் கண்ட தலைமுறையின் வாரிசுகள் நாம். எனினும் இரண்டையும் ஒன்றென்று கொள்ளுதல் தவறு. அன்று நடந்தது, எழுதிய பரீட்சையின் பெறுமதியை மொழிக்கும் மாவட்டத்துக்கும் ஏற்ப மாற்றியது. இங்கே கேட்கப்படுவதோ, விதியில் ஏற்கெனவே உள்ள ஒரு சிறு பங்கைத் தகுதியுடையவர் அடையத்தக்க வழி. எவருடைய புள்ளியையும் குறைக்கும்படி நாம் கேட்கவில்லை. மூன்று பாடச் சித்தி என்ற குறைந்தபட்சத் தகுதியில் ஓர் எள்ளளவும் தளர்வு வேண்டாமென்பதை அழுத்திச் சொல்லுகிறோம். சித்தியெய்தாத பிள்ளையைப் பதக்கம் பார்த்துச் சேர்த்துக்கொண்டால், முதலாண்டு முடிவதற்குள் விரிவுரை விளங்காமல் ஊருக்குத் திரும்பிவரும் துயரம் அந்தப் பிள்ளைக்கே.

மகாபொல உபகாரச் சம்பளத்தைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். 1981 ஆம் ஆண்டில் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் சட்டமாக்கப்பட்ட அந்நிதியம் பரீட்சைப் பெறுபேற்றையும் குடும்ப வருமானத்தையும் பார்த்து வழங்குவது. பதக்கம் அதன் கணக்கில் வராது. ஆதலால், விளையாட்டுத் திறமையால் அனுமதி பெற்ற ஏழைப் பிள்ளை மகாபொலவுக்கு மற்றவரைப் போலவே வருமான அடிப்படையில் விண்ணப்பிக்கவேண்டும். பயிற்சிக்கும் போசாக்குக்கும் வேண்டிய மேலதிகச் செலவுக்கு வேறு வழி காணவேண்டும். அந்த வேறு வழியை அரசாங்கம் காணுமட்டும் காத்திராமல், ஊர்ச் சங்கங்கள் காணவேண்டுமென்பது எமது துணிபு.

பெண்பிள்ளைக்கு இந்த விளையாட்டு ஏற்றதன்று என்ற பேச்சைச் சுருக்கமாகவே மறுக்கிறோம். 2022 ஆம் ஆண்டில் பர்மிங்காமில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில், பெண்களுக்கான 57 கிலோகிராம் பிரிவில் வெண்கலப் பதக்கம் வென்ற நெத்மி பொருதொட்டகே என்ற இலங்கைப் பெண், பாடசாலைப் பருவத்தின் விளிம்பில் நின்றவர். அவரது மாகாணத்திற் சாத்தியமானது எமது மாகாணத்தில் ஏன் ஆகாது? எமது சங்கத்தின் பரிந்துரையில் ஆண், பெண் பேதம் இராது.

இவ்வளவு ஆதரவாகப் பேசும் நாம், ஒரு விஷயத்தில் மாத்திரம் எவருக்கும் இணங்கமாட்டோம். அது நிறை குறைக்கும் வழக்கம். போட்டிக்கு இரண்டு மூன்று நாளிருக்கையில், கீழ்ப்பிரிவிற் பொருதால் வெற்றி சுலபம் என்று கருதி, தண்ணீரை நிறுத்தி, தடித்த உடுப்போடு வெயிலில் ஓடி, வாயூறும் எச்சிலையும் துப்பி, இரண்டு மூன்று கிலோகிராமைக் கழிக்கும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு கிணறு தேடி நடக்கும் தீவொன்றில், கிடைத்த தண்ணீரையும் குடியாதே என்று பிள்ளைக்குச் சொல்லுவதைப் பார்க்க நெஞ்சு பொறுக்கவில்லை. 1997 ஆம் ஆண்டின் இறுதியில், சில வாரங்களுக்குள், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த மாணவர் மூவர் இப்படி நிறை குறைக்கும் முயற்சியிலேயே உயிரிழந்தனர். அதன் பின்னரே அங்கே விதிகள் இறுக்கப்பட்டன. வளர்ந்தவர்களுக்கும் இது தீராத சங்கடம் என்பதை, 2024 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், 50 கிலோகிராம் பிரிவின் இறுதிப் போட்டியன்று காலையில் 100 கிராம் கூடியிருந்ததனால் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் நீக்கப்பட்டபோது உலகமே கண்டது. இரவு முழுவதும் நிறை குறைக்க முயன்றும் அந்த 100 கிராம் போகவில்லை. வைத்தியரும் பயிற்றுநரும் சூழ்ந்திருந்த ஒருவருக்கே அந்த நிலையென்றால், மேற்பார்வைக்கு ஒருவருமின்றி மணலில் ஓடும் பதினாறு வயதுப் பிள்ளையின் கதி என்ன? தண்ணீரை நிறுத்தி நிறை குறைக்கச் சொல்லும் பயிற்றுநரோடு எமது சங்கம் சேர்ந்து இயங்காது. அவ்வாறு பெற்ற பதக்கத்துக்காகப் பரிந்துரைக் கடிதமும் வழங்காது. பிள்ளை தன் இயற்கை நிறையுள்ள பிரிவிலேயே பொரவேண்டும். தோற்றாலும் அப்பிரிவிலேயே தோற்கட்டும்.

வெளிநாட்டு உபகாரச் சம்பளம் பற்றி ஊரில் உலாவும் கதைகளுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் கல்லூரிகள் மல்யுத்தத்துக்குப் பண உதவி செய்கின்றன என்பது உண்மை. ஆனால் அங்கே முதற்பிரிவுக் கல்லூரியொன்றின் ஆண்கள் அணி முழுவதற்கும் நெடுங்காலமாக அனுமதிக்கப்பட்டது 9.9 முழு உதவித்தொகைகளே. இருபது முப்பது பேருள்ள அணியில் அதைப் பங்கிட்டால் பெரும்பாலோருக்குக் கிடைப்பது ஒரு துண்டு. அந்தத் தொகை வரம்பு 2025 இல் மாறி, அணியின் ஆட்தொகைக்கு வரம்பு வந்திருக்கிறது. எனினும் கல்வித் தகுதி மாறவில்லை: உயர்நிலைப் பாடசாலையில் 16 அடிப்படைப் பாடநெறிகளைத் தக்க தரத்தில் முடித்திருக்கவேண்டும். ஆகவே, மல்யுத்தம் தெரிந்தாற் போதும், கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பிவிடுவேன் என்று சொல்லும் முகவர் எவருக்கும் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். காணியை ஈடுவைத்து அனுப்பிய பின் கலங்கும் குடும்பம் ஒன்றேனும் எம்மிடையே உண்டாதல் கூடாது.

எமது கோரிக்கைகள் இவை. மாகாணக் கல்வித் திணைக்களம், தீவகக் கல்வி வலயத்துக்கென ஒரு மெத்தையையும், கிழமையில் இரு நாளாவது வரும் பயிற்றுநர் ஒருவரையும் தரவேண்டும். மெத்தை எல்லோரும் வந்துசேரத்தக்க வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ இருக்கட்டும். மாகாணப் போட்டிகளில் தீவுப் பிள்ளைகளின் நிறையை முதல்நாள் மாலையிலும் பார்க்கும் ஒழுங்கும், காலநிலையால் படகு ஓடாத நாளில் வராதவர்க்கு மறுவாய்ப்பும் வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, விசேட ஏற்பாட்டின் கீழ்ச் சான்றிதழ்களை மதிப்பிடும்போது, எந்த வசதியோடு அந்தப் பிள்ளை அந்தப் படியை எட்டியது என்பதையும் கணிப்பிற் சேர்த்து, மாகாண மட்ட வெற்றிக்கும் ஓரளவு நிறை கொடுக்கவேண்டும். கொடுக்குமிடத்து, அது தீவகத்துக்கு மாத்திரமன்றி மலையகத்துக்கும் வன்னிக்கும் உரியதாகட்டும்.

அரசாங்கத்திடம் கேட்பதற்கு முன் எம் கையாற் செய்யக்கூடியதும் உண்டு. பெரும்பாலான விண்ணப்பங்கள் பலவீனப்படுவது திறமைக் குறைவாலன்று, சான்றிதழ் இல்லாமையால். வலயப் போட்டியில் வென்ற பிள்ளைக்குக் கொடுத்த காகிதம் வீட்டுத் தட்டியிற் செருகப்பட்டு, மழையில் நனைந்து, முத்திரை கலைந்து கிடக்கும். மாகாணச் சான்றிதழோ படகின் அணியத்தில் தெறித்த உப்புத் தண்ணீரிற் பெயரை இழந்திருக்கும். உயர்தரப் பெறுபேறு வந்தபின், கையொப்பமிட்ட அதிகாரி இடமாற்றமாகிப் போனார் என்று தெரியவரும். ஆகையால், தரம் 9 முதல் ஒவ்வொரு விளையாட்டு மாணவருக்கும் ஒரு கோவையைத் திறந்து, போட்டியின் பெயர், திகதி, எடைப் பிரிவு, பெற்ற இடம் ஆகியவற்றை எழுதி, சான்றிதழின் பிரதியை அதிபர் உறுதிப்படுத்தி வைக்கும் வழக்கத்தைத் தீவகப் பாடசாலைகள் யாவும் மேற்கொள்ளவேண்டுமென்று அதிபர்களைப் பணிவோடு கேட்கிறோம்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் வாழும் எம் ஊரவர், கோயில் திருப்பணிக்கு அனுப்பும் உபகாரத்தில் ஒரு சிறு பகுதியை இந்தப் பிள்ளைகளின் படகுச் செலவுக்கும் உணவுக்கும் ஒதுக்கி, பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களின் கணக்குக்கு நேரே அனுப்பும்படி வேண்டுகிறோம். பெற்றோர் தத்தம் பிள்ளையின் சான்றிதழ்களை, நனைந்தவற்றையும் கிழிந்தவற்றையும் கூட, இத்தவணை முடிவதற்குள் உடற்கல்வி ஆசிரியரிடம் கொண்டுவந்து கொடுக்கவேண்டும்.