பட்டியலில் இல்லாத கேள்வி

2024 ஏப்ரலில், சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்த இளைஞர் உயிரோடு வீடு திரும்பவில்லை. அரசு விசாரித்து, மருத்துவமனையைத் தற்காலிகமாக மூட வைத்தது. “வாயைக் கட்டியிருந்தால் இது தேவைப்பட்டிருக்காதே” என்று அப்போது பேசியவர்கள் ஏராளம். செத்தவரையே குற்றவாளியாக்கும் இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. சிவகாசிப் பக்கம் ஆலை வெடிக்கும்போதெல்லாம் “தொழிலாளியின் கவனக்குறைவு” என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

அது பணக்காரர் வைத்தியம், நமக்கென்ன என்று கேட்கும் தோழர்களுக்குத்தான் இதை எழுதுகிறோம். காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்த இடத்தில் திரி சொருகி, பீஸ் ரேட்டுக்கு வேலை செய்யும் நம் பெண்களுக்குச் சர்க்கரையும் உடல் பருமனும் சேர்ந்தே வருகின்றன. 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 27.5ஐத் தாண்டினாலே இச்சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. மாதத் தவணை விளம்பரங்கள் நம் தெருவுக்கும் வந்துவிட்டன.

எங்களோடு இயங்கும் அக்கா ஒருவர் மதுரைக்குப் போனார். பரிசோதனைப் பட்டியல் ஒரு முழுப் பக்கம். மூன்று நாள் கூலி போகும். கவுண்டரில் இருந்தவர் இரக்கப்பட்டு, “சிலதை விட்டுடலாம், பேக்கேஜ் குறையும்” என்றாராம். எங்களுக்குப் பயம் பிடித்தது அங்கேதான்.

எதை விடுவது? குறட்டைதானே என்று தூக்கப் பரிசோதனையை விடுவதா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவருக்கு மயக்க மருந்து கொடுத்தால், அது தெளியும் நேரத்தில் மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். எண்டோஸ்கோப்பியையா? பைபாஸ் செய்தபின் ஒதுக்கப்பட்ட இரைப்பைக்குள் வழக்கமான குழாய் போகாது. அங்கே புண் இருந்தால் இப்போதே பார்த்தால்தான் உண்டு. இரும்பு, பி12 அளவுகளையா? தமிழகப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. சிகிச்சைக்குப் பின் சத்து உறிஞ்சுவது இன்னும் குறையும், மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும். மனநல ஆலோசனை என்றதும் அக்காவுக்குக் கோபம், “நான் என்ன பைத்தியமா?” என்று. மனச்சோர்வோ குடிப்பழக்கமோ இருந்தால் முன்பே கவனிக்கத்தான் அது. இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு எல்லாவற்றுக்கும் இப்படிக் காரணம் உண்டு. மருத்துவர் யோசித்து ஒன்றை விடலாம், கவுண்டர் விடக்கூடாது.

ஆனால் அந்த முழுப் பக்கத்திலும் ஒரு கேள்வி இல்லை. “புகை பிடிப்பீர்களா?” என்று கேட்டார்கள், இல்லை என்றார். என்ன வேலை என்று கேட்கவில்லை. அக்கா பதினோரு வருடம் மருந்து அறையில் இருந்தவர். அலுமினியத் தூளும் கந்தகமும் மூக்கில் ஏற, முகத்தில் ஒரு பழைய துப்பட்டா, அவ்வளவுதான் பாதுகாப்பு. படுத்தாலே பருத்த வயிறு நுரையீரலை அழுத்தும். அந்த நுரையீரலில் என்ன இருக்கிறது என்று மயக்க மருத்துவருக்குத் தெரிய வேண்டாமா?

தெரிந்திருக்க வழி இருந்தது. போபால் விஷவாயுவுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41சி பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான தொழிலில் நச்சுப்பொருள்களோடு வேலை செய்வோருக்கு ஆலை மருத்துவப் பதிவேடு வைக்க வேண்டும், தொழிலாளி அதைப் பார்க்கலாம். சட்டத் தொகுப்புகள் மாறினாலும் இந்த உரிமையை நாம் விட முடியாது. உள்குத்தகைக்கு விட்ட ஷெட்டில் மஸ்டரில் பெயரே இருக்காது. அப்புறம் எங்கே பதிவேடு? அந்த ஷெட்டுகளில் பெரும்பாலும் எந்தச் சேரியிலிருந்து ஆள் போகிறது என்பது நமக்குத் தெரியும்.

மாணவத் தோழர்களே, இப்படி ஒருவர் மருத்துவமனைக்குப் போனால் கூடப் போங்கள். கேட்காவிட்டாலும் வேலையைச் சொல்லுங்கள்: எந்த அறை, எத்தனை வருடம், என்ன மருந்து. ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை வேண்டுமா என்று மயக்க மருத்துவரிடமே கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டிடத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். விருதுநகரில் 2022இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பட்டாசுத் தொழிலாளர் நுரையீரலுக்கென்று அங்கே வாரம் ஒரு நாள் ஒதுக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்துக்கு வாருங்கள்.

அக்கா ஊதிப் பார்த்தார். அளவு குறைவு. அறுவை சிகிச்சையைத் தள்ளி வைத்து, முதலில் நுரையீரலைப் பார்க்கிறார்கள். பழைய ஆலைக்குப் போய்த் தன் மருத்துவப் பதிவைக் கேட்டார். “நீ இங்க வேலை பார்த்ததுக்கு என்ம்மா ஆதாரம்?” என்று கேட்டிருக்கிறார்கள்.