வாரின் ஓரத்தில் ஒரு பெயர்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் அக்கா மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தன் கிடாருக்கு அவன் தோல் வார் செய்துகொண்டிருந்தான். முன்பு கடையில் வாங்கிய வாரின் காது தளர்ந்துபோய், மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கிடார் நழுவி விழுந்து கழுத்து முறிந்தது. கிடாரை ஒட்டிச் சரிசெய்தாயிற்று. ஆனால் கடை வாரைத் திரும்பவும் தோளில் மாட்ட அவனுக்கு மனம் வரவில்லை.

பெரியமேட்டுக்குப் போய்த் தோல் வாங்கி வந்தான். வாரில் பூ செதுக்க நினைத்தான்; குரோம் போட்டுப் பதனிட்ட தோல் அதற்கு ஆகாது. எத்தனை தட்டினாலும் பள்ளம் மறுபடி எழும்பிவிடும். மரப்பட்டைச் சாற்றில் ஊறிய தோலில்தான் உளி பதிந்த தடம் நிற்கும். கனம் மூன்றரை மில்லிமீட்டர். அதிலும் முதுகெலும்பை ஒட்டிய பகுதியில் நீளவாக்கில் அறுக்க வேண்டும். வயிற்றுப் பக்கத் தோலில் வார் போட்டால், நாலு கிலோ கிடாரைச் சுமக்கச் சுமக்க நீண்டுகொண்டே போகும்.

அறுத்த வாரை நனைத்தான். நனைத்ததும் வேலை தொடங்கிவிடும் என்று நினைத்தேன். அவன் எழுந்துபோய் டீ போட்டான். தண்ணீர் குடித்துக் கறுத்திருந்த தோல் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பழைய நிறத்துக்கு வந்தது. “மாமா, கன்னத்துல வெச்சுப் பாருங்க” என்று நீட்டினான். பார்வைக்குக் காய்ந்ததுபோல இருந்தது, கன்னத்தில் பட்டதும் மண்பானை போலச் சில்லென்றது. அதுதான் பதம். ஈரம் கூடினால் கோடு குழையும், குறைந்தால் உளி வழுக்கும்.

பிறகு கத்தி. அதன் தலையிலுள்ள வளைவில் ஆள்காட்டி விரலை அழுத்தி, தண்டைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் உருட்டி உருட்டி ஒரு பூக்கொடி கீறினான். கனத்தில் பாதிவரைதான் வெட்டு இறங்க வேண்டும். வாருக்கு அடியில் அம்மிபோல ஒரு கருங்கல் பலகை. கீறிய கோட்டின் ஒரு பக்கத்தைச் சரிவு உளியால் கொட்டாப்புளி கொண்டு தட்டித் தட்டி அமுக்க, மறுபக்கத்திலிருந்த இதழ் மேலெழுந்தது. ஓர் இதழுக்கு நாற்பது தட்டு, எண்ணினேன். உண்மையில் தோல் எங்கும் எழும்பவில்லை, சுற்றியுள்ள இடம்தான் தாழ்ந்திருக்கிறது. கண் அதை நம்ப மறுக்கிறது.

இந்தப் பூக்கொடிக்கு ஒரு நெடும்பயணம் உண்டு. முஸ்லிம் ஆட்சிக் காலத்து ஸ்பெயினின் கோர்தோபா நகரத் தோல்வேலை, ஸ்பானியரோடு மெக்சிகோ போய், அங்கிருந்து அமெரிக்க மாடு மேய்ப்பவர்களின் குதிரைச் சேணத்தில் ஏறியது. வயோமிங் மாநிலத்து ஷெரிடன் ஊரில் டான் கிங் என்ற சேணக் கைவினைஞர் பூவைச் சிறிதாக்கி, தண்டுகளை வட்டம் வட்டமாகப் பின்னவிட்டார். அந்தப் பாணிக்கு இன்று ஷெரிடன் என்றே பெயர். 1991-இல் அவருக்கு அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருது கிடைத்தது. சேணத்திலிருந்து இடுப்பு வாருக்கும் கிடார் வாருக்கும் பூ பரவியது. அமெரிக்க ‘கன்ட்ரி’ இசைப் பாடகர் வேலன் ஜென்னிங்ஸ், தன் 1953 டெலிகாஸ்டர் கிடாரின் உடம்பையே கறுப்பு வெள்ளைப் பூவேலைத் தோலால் போர்த்தி வைத்திருந்தார்.

அந்த மேற்கத்திய வார்களின் படங்களை அவன் காட்டினான். பலவற்றில் ஓரமாகச் சின்னதாய் ஒரு முத்திரை: செய்தவர் பெயர், ஊர். அதற்குப் பிறகு பூ என் கண்ணில் நிற்கவில்லை.

நம் மிருதங்கத்தை இறுக்கிப் பிடிப்பதும் தோல் வார்தானே? எந்த வாரிலாவது ஒரு பெயரைப் பார்த்திருக்கிறோமா? வாசிப்பவர் பெயர் அழைப்பிதழில் வரும். தோலைத் தேடி, ஊறவைத்து, வார் பிடித்து, கரணை வைத்துச் சுருதிக்குக் கொண்டுவந்தவர் மேடைக்குப் பின்னாலேயே நின்றுவிடுவார். பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்களான அந்தக் கைவினைக் குடும்பங்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று முழுப் புத்தகமே எழுத வேண்டியிருந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காய் போட்டு முடித்த நம் ஊர்த் தோல், ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்ற பெயரில் கப்பலேறி உலகம் சுற்றியது. புவிசார் குறியீடும் பெற்றது. சரக்குக்குப் பெயர் கிடைத்துவிட்டது. பட்டைத் தண்ணீரில் நின்றவர் பெயர்? தோலைத் தொட்டவரைத் தள்ளிவைத்து, அவர் செய்த வாத்தியத்தை மட்டும் பூஜையறைவரை கொண்டுபோன ஊர் நம்முடையது. அதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் வாரின் உள்பக்கம் மெல்லிய தோலை ஒட்டித் தைத்தான். வினைல் வைத்தால் பழைய கிடார்களின் லாக்கர் பூச்சை இளக்கிவிடுமாம். ஓரங்களை ஈரப்படுத்தி, மரக்குச்சியால் கண்ணாடிபோல் மினுங்கும்வரை தேய்த்தான். வாரின் காதில், கிடாரில் மாட்டும் குமிழைவிடச் சிறியதாகவே துளை போட்டு, ஒரு சின்னக் கீறல் விட்டான். குமிழை உள்ளே தள்ளவே கட்டைவிரல் வலித்தது. இனி அது நழுவாது.

உங்கள் தெருவில் செருப்புத் தைப்பவர், பறைக்குத் தோல் கட்டுபவர், தவிலுக்கு வார் இழுப்பவர் இருப்பார்கள். அவர்களைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் 2 பக்கம் ஒதுக்கிவைத்திருக்கிறேன். ஊர், செய்யும் பொருள், எத்தனை வருட வேலை என்று எழுதுங்கள். அவரைக் கேட்டு, சம்மதித்தால் பெயரையும் முழுதாக, இனிஷியலோடு.

அன்புடன்,
ஆசிரியர்