கேள்வி கேட்காத பெடியன்

அக்காவின் மகன் ஆகஸ்டில் மின்சார வயரிங் வேலையில் லேர தொடங்கினான். நான்கு வருடப் பயிற்சி. ஒக்டோபரில் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது: "ஆர்வம் காணவில்லை. எதுவும் கேட்பதில்லை."

சுவிஸ் சட்டப்படி பயிற்சி ஒப்பந்தத்தின் தகுதிகாண் காலம் ஒன்று முதல் மூன்று மாதம். அதற்குள் 7 நாள் அறிவித்தல் கொடுத்து எந்தத் தரப்பும் விலகலாம். அக்கா தொலைபேசியில் அழுதா. அத்தான், "அப்பவே கிம்னாசியத்துக்கு அனுப்பியிருக்கலாம்" என்று தொடங்கினார். (இங்கே பத்தாம் வகுப்புக்கு முன்னமே தமிழ் வீடுகளில் ஓடும் பல்லவி இது. பெரும்பாலான சுவிஸ் பிள்ளைகள் தொழிற்பயிற்சிக்குத்தான் போகினம் என்று எத்தனை தரம் சொன்னாலும் காதில் ஏறாது.)

பெடியனைக் கேட்டேன். "மாமா, அவர் செய்யிறதைப் பார்த்தா எனக்கு விளங்கும். பிறகு தனியச் செய்து பார்ப்பன். கேட்டா எரிச்சல்படுவார் எண்டு நினைச்சன்."

இதைக் கேட்டதும் "இவன் பார்த்துப் படிக்கிற ரகம்" என்று முத்திரை குத்தத் தோன்றும். 1984இல் டேவிட் கோல்ப் அனுபவக் கற்றல் பற்றி எழுதியதிலிருந்து இப்படிப் பிரிப்பது பிரபலம். ஆனால் 2008இல் நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, ரகத்துக்கு ஏற்றபடி கற்பித்தால் கூடுதலாக விளங்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். எனக்கும் அந்த முத்திரையில் நம்பிக்கை இல்லை. வயரிங் படிக்கிறவன் பார்க்கவும் வேண்டும், கையால் செய்யவும் வேண்டும், பிழை விட்டால் ஏன் என்று கேட்கவும் வேண்டும்.

குணம் வேறு விசயம். எங்கள் வீட்டில் பெரியாக்கள் கதைக்கும்போது வாய் திறக்காதவன் நல்ல பிள்ளை. வேலைத்தலத்தில் அதே மௌனத்தை அக்கறையின்மை என்று வாசிக்கிறார்கள். அவன் சோம்பேறியில்லை, இரவில் தொழிற்பாடசாலைக் கொப்பியில் சுற்றுப்படம் கீறிக்கொண்டிருப்பான். அதை மேற்பார்வையாளர் எப்படிக் காண்பார்?

அக்காவும் நானும் அந்தக் கொப்பியோடு போய்க் கதைத்தோம். அவரும் நேராகச் சொன்னார்: "இவன் கேட்காவிட்டால், விளங்கிவிட்டதென்றுதான் நினைப்பேன். மின்சாரத்தில் அது ஆபத்து." அவர் சொன்னது சரி. எங்கள் ஆட்கள் பயிற்சி தொடங்கமுன் பிள்ளைக்குச் சம்பளத்தையும் நேரத்தையும்தான் சொல்லிக் கொடுக்கிறோம். எப்படிக் கேட்பது என்று ஒருவரும் சொல்வதில்லை.

இரு தரப்பும் சம்மதித்தால் மாநில அதிகாரத்தின் அனுமதியோடு தகுதிகாண் காலத்தை 6 மாதம் வரை நீட்டலாம். நீட்டியிருக்கிறார்கள், ஜனவரிக் கடைசி மட்டும். இப்போது ஒவ்வொரு பின்னேரமும் கொப்பியில் மூன்று கேள்வி எழுதி, காலையில் அவரிடம் நீட்டுகிறான். வாயால் கேட்க இன்னும் கூச்சம்தான்.